ஊடகங்களில் தொடர்வண்டி ஆர்வலர்கள்

ஊடகங்களில் தொடர்வண்டி ஆர்வலர்கள் என்னும் இக்கட்டுரை, தொடர்வண்டிகளைக் காண்பதையும் படமெடுப்பதையும் அவற்றைப் பற்றிய தகவல் திரட்டுவதையும் பொழுதுபோக்காகக் கொண்டோரைச் செய்தித்தாள், திரைப்படம், தொலைக்காட்சி, சமூக ஊடகம் ஆகியவை எவ்வாறு காட்டுகின்றன என்பதை விளக்குகிறது. வானூர்தி நோக்குவோர், பறவை நோக்குவோர், தொழில்முறை சாரா வானொலியர் முதலிய பிற ஆர்வலர்கள் பற்றிய சித்தரிப்பும் ஒப்பீட்டுக்காகத் தரப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பலவும் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றைச் சார்ந்தவை.

இத்தகைய சித்தரிப்பு வேடிக்கை அளவில் நின்றுவிடுவதில்லை. நடைமேடையில் ஒளிப்படக் கருவியுடன் நிற்கும் ஒருவரைச் சக பயணியும் காவலரும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை ஊடகங்கள் உருவாக்கிய படிமம் பெருமளவு தீர்மானிக்கிறது.

சொற்கள்

தமிழில் இவர்களைக் குறிக்க நிலைபெற்ற ஒரு சொல் இல்லை. தொடர்வண்டி ஆர்வலர், இரயில் ஆர்வலர், இரயில் காதலர், இரயில் இரசிகர் எனப் பல வழக்குகள் உள்ளன. இலங்கைத் தமிழில் தொடர்வண்டி தொடருந்து எனவும் புகையிரதம் எனவும் வழங்கப்படுகிறது.

பேச்சு வழக்கில் 'இரயில் பைத்தியம்' என்பதே மிகுதி. தமிழில் 'பைத்தியம்' என்னும் பின்னொட்டு எப்போதும் வசைச்சொல் அன்று. சினிமாப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம் என்பவை செல்லமாகவும் கூறப்படும். எனினும், திரைப்பட நடிகரின் படத்துக்குப் பாலூற்றுவது வழக்கமான இரசிகர் செயலாகச் செய்திகளில் இடம்பெற, வண்டி எண்களைக் குறித்து வைப்பது 'விநோதப் பழக்கம்' என்ற தலைப்பைப் பெறுகிறது. பலர் சேர்ந்து செய்வது இரசனையாகவும், ஒருவர் தனித்துச் செய்வது விநோதமாகவும் கொள்ளப்படுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனலாம்.

'பொழுதுபோக்கு' என்ற சொல்லும் கருதத்தக்கது. அது பொழுதைப் போக்குதல் என்ற பொருளையே தருகிறது; பல ஆண்டுகள் கற்றுத் தேர்ந்து செய்யும் ஈடுபாட்டை அச்சொல் உணர்த்துவதில்லை. 'வேலைவெட்டி இல்லாதவர்' என்ற ஏளனம் எளிதில் எழுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆர்வலர்களின் செயற்பாடுகள்

ஆர்வலர்கள் அனைவரும் ஒரே செயலில் ஈடுபடுவோர் அல்லர். அவர்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* இயந்திரங்களின் எண், வகை, அவை சார்ந்த பணிமனை ஆகியவற்றைக் குறிப்போர்
* ஒளிப்படமும் நிகழ்படமும் எடுப்போர்
* புதிய பாதைகளிலும் மறையவிருக்கும் பாதைகளிலும் பயணம் செய்வோர்
* கால அட்டவணை, பயணச்சீட்டு, பழைய வரைபடம் முதலியன சேகரிப்போர்
* சிற்றுரு வண்டிகள் செய்வோர்
* வரலாற்றை ஆராய்ந்து எழுதுவோர்

பயணிகள் நலச் சங்கங்கள் வேறு வகையின. அவை கூடுதல் வண்டி, நின்று செல்லும் இடம், மேம்பாலம் போன்ற கோரிக்கைகளை முன்வைப்பவை. செய்திகளில் இவ்விரு சாராரும் சில வேளைகளில் ஒருவராகவே குறிப்பிடப்படுகின்றனர்.

பிற நாடுகளில் சித்தரிப்பு

ஐக்கிய இராச்சியம்

1942 இல் தென் இரயில்வேயின் ஊழியரான இயன் ஆலன், அந்நிறுவனத்தின் இயந்திர எண்களைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக வந்த வரிசை நூல்கள், இயந்திர எண்களைக் குறிப்பதை அந்நாட்டுச் சிறுவரின் பெரும் பொழுதுபோக்காக்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது இயல்பான சிறுவர் விளையாட்டாகவே காணப்பட்டது.

1951 இல் வேல்சு நாட்டின் தாலிலின் இருப்புப்பாதையைத் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தத் தொடங்கினர். உலகில் இவ்வாறு காக்கப்பட்ட முதல் இருப்புப்பாதை இதுவாகும். அந்நிகழ்வின் தூண்டுதலால் 1953 இல் வெளிவந்த 'தி டிட்ஃபீல்டு தண்டர்போல்ட்' என்ற நகைச்சுவைத் திரைப்படம், ஆர்வலர்களை அன்புக்குரிய கிறுக்கர்களாகக் காட்டியது.

1980களில் நிலை மாறியது. மழைக் காலத்தில் நடைமேடையில் நிற்போர் அணிந்த 'அனோரக்' என்னும் மேலங்கியின் பெயர், சலிப்பூட்டும் தகவல்களில் மூழ்கிய, பழகத் தெரியாத மனிதரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாயிற்று. தொலைக்காட்சி நகைச்சுவைகள் இப்படிமத்தைப் பரப்பின. 1993 இல் வெளியான 'டிரெயின்ஸ்பாட்டிங்' புதினமும் 1996 இல் வெளியான அதன் திரைவடிவமும் போதைப்பொருள் பழக்கத்தைப் பற்றியவை. தொடர்வண்டி ஆர்வலர்களின் கதையை அவை கூறவில்லை. ஆயினும் அப்பெயர் அப்பொழுதுபோக்கின் பொதுப் படிமத்துடன் கலந்துவிட்டது.

ஜப்பான்

ஜப்பானில் இவ்வார்வம் பரவலானது. படமெடுப்போருக்கும் பயணம் செய்வோருக்கும் அந்நாட்டில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. 1989 இல் சிறுமியரைக் கொலை செய்த ஒருவர் கைதானபோது, அவருடைய நிகழ்பட, வரைகதைச் சேகரிப்பை ஊடகங்கள் பெரிதுபடுத்தின. அதன்பின் 'ஒட்டாக்கு' எனப்படும் தீவிர ஆர்வலர் அனைவர் மீதும் பல ஆண்டுகள் ஐயம் படிந்தது. அவ்வழக்கிற்கும் தொடர்வண்டிக்கும் தொடர்பில்லை. ஒருவரின் குற்றத்தை அவரது பொழுதுபோக்கால் விளக்க முற்படும்போது, அப்பொழுதுபோக்கில் ஈடுபடும் பிறருக்கும் கேடு விளைகிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது.

தமிழ் ஊடகங்களில் சித்தரிப்பு

தமிழ்த் திரைப்படங்களில் தொடர்வண்டி முதன்மையான களமாகும். சந்திப்பும் பிரிவும் நடைமேடையிலேயே நிகழ்கின்றன. 'மூன்றாம் பிறை' (1982) திரைப்படத்தின் இறுதிக் காட்சி நீலகிரி மலை இரயில் பாதையின் கேத்தி நிலையத்தில் அமைந்தது. 'தொடரி' (2016) முழுவதும் ஓடும் வண்டியிலேயே நிகழ்வது. ஆயினும் தொடர்வண்டியை விரும்பி நோக்கும் ஒருவரை முதன்மைக் கதைமாந்தராகக் கொண்ட படங்கள் மிக அரிது.

இதனோடு ஒப்பிடத்தக்கது, 1998 இல் இந்தியில் வெளிவந்து தமிழில் 'உயிரே' என மொழிமாற்றம் செய்யப்பட்ட திரைப்படமாகும். அதன் புகழ்பெற்ற பாடற்காட்சியில் நீலகிரி மலை வண்டியின் கூரை மீது நடனம் ஆடப்படுகிறது. கூரை மீது பயணம் செய்வது 1989 ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி குற்றம். சட்டத்தை மீறும் செயல் அழகாகக் காட்டப்பட்டுப் பரவலாகப் பாராட்டப்பட, நடைமேடையில் அமைதியாக நின்று படமெடுக்கும் ஆர்வலர் திரையில் இடம்பெறுவதே இல்லை எனலாம்.

செய்தி ஊடகங்களில் ஆர்வலர் தோன்றும்போது, பின்வரும் நான்கு வடிவங்களில் ஒன்றையே பெரும்பாலும் பெறுகிறார்.

1. விநோத மனிதர்: துணுக்குச் செய்தி. எத்தனை பயணச்சீட்டுகள் சேர்த்தார், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார் என்ற எண்ணிக்கையே செய்தியாகிறது. ஏன் செய்கிறார் என்பது கேட்கப்படுவதில்லை.
2. சாதனையாளர்: சாதனைப் பட்டியலில் இடம்பெற்றவுடன் அதே மனிதர் பாராட்டப்படுகிறார்.
3. நினைவேக்கம் கொண்டவர்: ஒரு பாதை மூடப்படும் நாளிலோ, கடைசி வண்டி ஓடும் நாளிலோ கருத்துக் கேட்கப்படுபவர்.
4. ஐயத்திற்குரியவர்: பாதுகாப்புச் செய்திகளில் தோன்றுபவர்.

ஐந்தாவதான ஒரு வடிவமும் உண்டு. விபத்து, புதிய வண்டி அறிமுகம், வழித்தட மாற்றம் ஆகியவற்றின்போது ஆர்வலர்கள் எடுத்த படங்களையும் தொகுத்த தகவல்களையும் ஊடகங்கள் பயன்படுத்துகின்றன. அப்போது அவர்கள் பெயர் குறிக்கப்படாத தகவல் மூலமாகவே இருப்பதும் உண்டு.

சென்னையின் மேற்குப் புறநகர்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை, 1856 சூலை 1 அன்று இராயபுரத்துக்கும் வாலாசா சாலைக்கும் இடையே திறக்கப்பட்டது. பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகச் செல்லும் இத்தடமே இன்றைய மேற்குப் புறநகர்ப் பாதையின் அடிப்படை. மும்பை, பெங்களூரு, கோவை, கேரளம் நோக்கிச் செல்லும் வண்டிகள் கொரட்டூர், அம்பத்தூர், அண்ணனூர், ஆவடி நிலையங்களைக் கடக்கின்றன. தொலைதூர விரைவு வண்டிகள், புறநகர் மின்வண்டிகள், சரக்கு வண்டிகள் ஆகிய மூன்றையும் ஒரே நடைமேடையிலிருந்து காண இயல்வது இப்பகுதியின் சிறப்பாகும். தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் வண்டியும் (சென்னை-மைசூரு, 2022 நவம்பர் 11) இவ்வழியே இயக்கப்படுகிறது.

1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, 2002 இல் திறக்கப்பட்ட சென்னை இரயில் அருங்காட்சியகம், பெரம்பூர் இயந்திரப் பணிமனை, ஆவடி மின்வண்டிப் பணிமனை ஆகியன இத்தடத்தைச் சார்ந்தவை. பூந்தமல்லிக்கு இருப்புப்பாதை வரவில்லை. எனினும் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் அங்குப் பணிமனை அமைக்கப்பட்டு, 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே சோதனை ஓட்டம் நடத்தப்பட்டது.

1855 இல் இங்கிலாந்தின் லீட்சு நகரில் செய்யப்பட்ட 'ஈ.ஐ.ஆர்-21' என்னும் நீராவி இயந்திரம், நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றபின் பெரம்பூர் பணிமனையில் சீரமைக்கப்பட்டது. 2010 ஆகஸ்ட் 15 அன்று அது சென்னை சென்ட்ரலுக்கும் ஆவடிக்கும் இடையே இயக்கப்பட்டது. 155 ஆண்டுப் பழைமையுடைய இயந்திரம் ஓடும் நாளில் அதைப் படமெடுப்பவரை எவரும் விநோதமாகக் கருதுவதில்லை. மறுநாள் அதே இடத்தில் ஒரு சாதாரண மின்வண்டியைப் படமெடுப்பவரே கேள்விக்குள்ளாகிறார். அடிப்படையில் இரண்டும் ஒரே செயல். முன்னதற்கு மட்டும் செய்தி மதிப்பு உண்டு.

இத்தடத்தில் இளைஞரும் தொடர்வண்டியும் சேர்ந்து செய்தியாவது பெரும்பாலும் வேறொரு காரணத்தால் ஆகும். சென்னைக் கல்லூரி மாணவரிடையே 'ரூட்டு தல' எனப்படும் தடவாரியான குழுத் தலைமை வழக்கம் உள்ளது. அரக்கோணம், திருத்தணி வழி வண்டிகளில் நிகழ்ந்த மோதல்கள், படிக்கட்டில் தொங்கிச் செல்லுதல், தண்டவாளத்தருகே தற்படம் எடுக்கையில் நேரும் உயிரிழப்பு ஆகியன அடிக்கடி செய்திகளாகின்றன. இவை உண்மையான சிக்கல்கள். ஆனால் இவற்றுக்கும் முறையாகத் தொடர்வண்டிகளை நோக்குவோருக்கும் இடையிலான வேறுபாடு செய்திகளில் பிரித்துக் காட்டப்படாதபோது, கைபேசியுடன் நடைமேடை ஓரத்தில் நிற்கும் எந்த இளைஞரும் ஒரே வகையினராகத் தோன்றுகிறார்.

சட்டமும் ஐயமும்

1989 ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்தின் 147 ஆம் பிரிவு, இருப்புப்பாதை எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ 1,000 உரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்க வகை செய்கிறது. கூரைப் பயணத்தை 156 ஆம் பிரிவு தடுக்கிறது. இந்திய இரயில்வே நிலையங்களில் படமெடுக்க முன் அனுமதி பெற வேண்டும் என்ற நடைமுறை நெடுங்காலம் வற்புறுத்தப்பட்டது. மும்பை சத்திரபதி சிவாஜி முனையமும் தாக்குதலுக்குள்ளான 2008 நவம்பர் 26 நிகழ்வுக்குப் பின் நிலையங்களில் கண்காணிப்பு கூடியது.

ஆவடியில் இச்சிக்கல் கூர்மை பெறுகிறது. 1961 இல் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலை உட்படப் பல பாதுகாப்புத் துறை நிறுவனங்கள் இங்குள்ளன. புறநகர் மின்வண்டிகள் சில, பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்னும் நிலையம் வரை செல்கின்றன. பொதுமக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் நிலையமும் படமெடுக்கத் தடையுள்ள வளாகமும் இங்கு அருகருகே அமைந்துள்ளன. எனவே இப்பகுதியில் காவலர் ஒருவர் வினவுவது இயல்பானதே. ஆர்வலர் என்னும் வகையினர் உண்டு என்பதைக் காவலர் அறிந்திருக்கிறாரா என்பதைப் பொறுத்து, அவ்வினவல் ஓரிரு நிமிட உரையாடலாகவோ காவல் நிலையம் வரையிலான அலைச்சலாகவோ முடியக்கூடும்.

பிற ஆர்வலர்கள்

வானூர்தி நோக்குவோர்

2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா வான்படைத் தளத்தில் 12 பிரித்தானியரும் 2 டச்சு நாட்டவரும் உளவுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டனர். அவர்கள் வானூர்தி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தவர்கள். 2002 ஏப்ரலில் தண்டிக்கப்பட்ட அவர்கள், அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர்.

இந்தியாவில் 2010 பெப்ரவரியில், தில்லி வானூர்தி நிலையத்தருகே ஒரு விடுதியில் ஓடுபாதை தெரியும் அறை கேட்ட இரு பிரித்தானியர் கைது செய்யப்பட்டனர். அவர்களிடம் வானூர்திக் குறிப்பலைகளைப் பெறும் கருவிகள் இருந்தன. தொடக்கச் செய்திகளில் பாதுகாப்பு ஐயமே முதன்மை பெற்றது; அவர்களது பொழுதுபோக்கு பற்றிய விளக்கம் பின்னரே வந்தது. சுமார் இரண்டு மாதத்துக்குப் பின், உரிமமின்றிக் கருவி பயன்படுத்தியதற்காகத் தலா 25,000 உரூபாய் தண்டம் செலுத்தி அவர்கள் நாடு திரும்பினர்.

தொழில்முறை சாரா வானொலியர்

தேர்வெழுதி அரசிடம் உரிமம் பெற்று, சொந்தக் கருவி மூலம் தொலைவிலுள்ளோருடன் பேசுவது இவர்களின் பொழுதுபோக்கு. 2004 திசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான குழுவொன்று இதற்கெனவே அந்தமான் தீவுகளுக்குச் சென்றிருந்தது. திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிப் பிற தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பியது அக்குழுவே. இலங்கையிலும் இவ்வகை வானொலியர் உதவினர். அதுவரை அறியப்படாதிருந்த ஒரு பொழுதுபோக்கு, சில நாட்களில் மக்கள் தொண்டாக ஊடகங்களில் அறிமுகமாயிற்று.

பறவை நோக்குவோர்

பறவை நோக்குவோர் பெரும்பாலும் மதிப்புடன் காட்டப்படுகின்றனர். சென்னையில் 1978 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் போன்றவற்றின் கணக்கெடுப்புகள் அறிவியலுக்குப் பயன்படுவது இதற்கு ஒரு காரணம். ஆயினும் 2018 நவம்பர் 29 அன்று வெளியான '2.0' திரைப்படத்தில், பட்சிராசன் என்னும் பறவையியலாளர் துயரத்தால் பழிவாங்கும் எதிர்நாயகனாகிறார். அளவுமீறிய ஈடுபாடு ஆபத்தில் முடியும் என்ற பழைய படிமம் அவ்வளவு பரிவுடன் எழுதப்பட்ட கதைமாந்தரிலும் தொடர்வது குறிப்பிடத்தக்கது.

ஆவண மதிப்பு

ஆர்வலர்களின் செயல் பயனற்றது என்ற கருத்துக்கு மறுப்பாக அவர்களின் ஆவணங்கள் காட்டப்படுகின்றன. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 இல் தொடங்கிய மீட்டர் பாதை மின்வண்டிச் சேவை 2004 சூலை 1 அன்று முடிவுற்றது. அவ்வண்டிகளின் வண்ணம், உள்ளமைப்பு, ஒலி ஆகியவற்றை இன்று காட்டும் படங்களில் பல ஆர்வலர்கள் எடுத்தவையே. அன்றாடம் காண்பதை அலுவலகங்களோ செய்தித்தாள்களோ பதிவு செய்வதில்லை. மறைந்தபின் தேடும்போது ஆர்வலரின் தொகுப்பே எஞ்சியிருக்கிறது.

1977 பெப்ரவரி 1 அன்று தில்லியில் திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகத்தின் உருவாக்கத்தில், தொடர்வண்டி ஆர்வலரான மைக்கேல் சாட்டோவின் பங்கு பெரிது. 1989 இல் அமெரிக்காவிலிருந்த இந்திய மாணவர்கள் தொடங்கிய இந்திய இரயில்வே ஆர்வலர் கழகம், இயந்திர வகைகள், குறியீடுகள், வரலாறு பற்றிய பெருந்தொகுப்பொன்றை உருவாக்கியுள்ளது.

அண்மைக்கால மாற்றங்கள்

கைபேசி ஒளிப்படக் கருவியும் சமூக ஊடகங்களும் பரவியபின் ஆர்வலர்கள் தம்மைத் தாமே சித்தரிக்கத் தொடங்கினர். ஐக்கிய இராச்சியத்தில் பிரான்சிஸ் பூர்ஷ்வா என்ற பெயரில் அறியப்படும் இளைஞர் 2021 இல் தம் குறும்படங்கள் வழியாகப் பெரும் புகழ் பெற்றார். வண்டியைக் கண்டதும் அவர் காட்டும் மகிழ்ச்சி ஏளனத்தை மீறிப் பலரைக் கவர்ந்தது. தமிழிலும் பயண நிகழ்படங்களும் புதிய வண்டிகள் பற்றிய விளக்கங்களும் மிகுந்துள்ளன.

இம்மாற்றத்துக்கு மறுபக்கமும் உண்டு. பார்வையாளர் எண்ணிக்கைக்காகத் தண்டவாளத்தில் இறங்கிப் படமெடுப்போரின் செயல், விதிகளைப் பின்பற்றும் ஆர்வலர்களின் பெயரையும் கெடுக்கிறது. நடைமேடையின் மஞ்சள் கோட்டைத் தாண்டாமை, தண்டவாளத்தில் இறங்காமை, ஓட்டுநரின் கண்ணைக் கூசச்செய்யும் ஒளியைப் பயன்படுத்தாமை, கேட்டால் அடையாளச் சான்று காட்டுதல் ஆகியன பொறுப்புள்ள ஆர்வலர் பின்பற்றும் நெறிகளாகும். இந்நெறிகளைப் பற்றிய செய்திகள் மிகக் குறைவு; விபத்துச் செய்திகளே மிகுதி. இதனால் இப்பொழுதுபோக்கில் புதிதாக ஈடுபட விரும்பும் மாணவருக்கு, எது தகும் எது தகாது என்பதை அறியும் வாய்ப்பும் குறைகிறது.

இவற்றையும் பார்க்க

* சென்னை புறநகர் இருப்புவழி
* இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை
* சென்னை இரயில் அருங்காட்சியகம்
* நீலகிரி மலை இரயில் பாதை
* ஆவடி